மேசையில் மிஞ்சிய வெள்ளிப் பதக்கம்

கேள்வி: பதினாறு ஆண்டுகளாக முதலாம் உலகப்போர்ப் பதக்கங்களைச் சேர்த்து வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று ராணுவப் பழம்பொருள் கண்காட்சிகளுக்குப் போவேன். முன்பெல்லாம் நிதானமாகப் பேரம் பேசி வாங்கலாம். இப்போது பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே வெளிநாட்டு வியாபாரிகள் உள்ளே போய், நல்ல பொருளையெல்லாம் ரொக்கம் கொடுத்து எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்துக்கும் விலை இரண்டு மடங்கு. ஒரு படைவீரருடைய மூன்று பதக்கங்களில் இரண்டு, 1914-15 நட்சத்திரமும் வெற்றிப் பதக்கமும், என்னிடம் இருக்கின்றன. மூன்றாவதான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை சென்ற கண்காட்சியில் ஒரு மேசையில் பார்த்தேன். சந்தோஷத்தில் வியாபாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமான விலையைப்போல் மூன்று மடங்கு கேட்டார். "நாளைக்கு வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதைப் பார்க்க வருகிறார்" என்றார். கோபத்தில் வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, பதக்கம் இன்னும் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். வாங்கலாமா? வெளிநாட்டவரை முன்கூட்டியே உள்ளே விடக் கூடாது என்று அமைப்பாளர்களுக்கு ஒரு மனு தயாராகிறது, அதில் கையெழுத்துப் போடலாமா? அல்லது விலை ஏறியிருக்கும்போதே எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒதுங்கிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் எனக்கு அதிகம் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பொருள்களை மதிப்பிட்டு வருகிறேன். மேசைக்கு மேசை நடந்து, வெறுங்கையோடு வீடு திரும்பும் மாலை எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

வெளிநாட்டவர் வருவதால் விலை ஏறுகிறது என்பது உண்மை. ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஏறுவதில்லை. தூரத்திலிருந்து விமானம் ஏறி, விடுதிக்குப் பணம் கட்டி வருகிற ஒருவர் இரண்டே கணக்கு போடுவார். இந்தப் பொருள் எங்கள் மக்களின் கதையைச் சொல்கிறதா? இதை நான் எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அவர் கை பைக்குள் போகும். நீங்கள் சேர்க்கிற வகைக்கு இந்த இரண்டு கேள்வியையும் போட்டுப் பார்த்தால், உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

இதற்கு ஜப்பானிய வாள்களின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகு, அமெரிக்கப் படைவீரர்கள் ஏராளமான வாள்களை நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் பல, பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் பல காலம் கிடந்தன. பின்னர் ஜப்பானிய வியாபாரிகள் அமெரிக்காவுக்கு வரத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு விடுதி அறையில் உட்கார்ந்திருப்பார்கள், மக்கள் வாளைக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போவார்கள். 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஒரு டாலருக்கு ஏறக்குறைய 240 யென். 1987 முடிவதற்குள் அது சுமார் 120 ஆகிவிட்டது. அதாவது, அமெரிக்க மேசையில் அதே டாலர் விலைச் சீட்டோடு இருந்த வாள் ஜப்பானியருக்குப் பாதி விலைக்கு வந்தது. அவர் டாலரில் இன்னும் கூடக் கொடுக்கத் தயாராக இருந்ததில் வியப்பில்லை. "எங்கள் வாள்களையெல்லாம் அள்ளுகிறார்கள்" என்று அன்றைக்கு வருந்திய அமெரிக்கச் சேகரிப்பாளர், இன்றைக்கு நீங்கள் பேசுவதைப்போலத்தான் பேசியிருப்பார்.

ஆனால் அவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். ஜப்பானியச் சட்டப்படி, மரபு முறையில் கையால் அடித்துச் செய்த வாளுக்குத்தான் பதிவுச் சான்று கிடைக்கும். போர்க்காலத்தில் தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரித்த ராணுவ வாள்களைப் பதிவு செய்ய முடியாது, அதனால் அங்கே வைத்திருக்கவும் முடியாது. உறையும் கைப்பிடியும் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு வாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற அடிப்பகுதியில் கொல்லரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுப்பார்கள், மற்றதைத் தொடமாட்டார்கள். ஒரே வரிசையில் இருந்த பொருள்களின் விலை இப்படித்தான் இரண்டாகப் பிரிந்தது.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்ததும் அந்த வேகம் தணிந்தது. உச்ச விலைக்கு வாங்கி, இன்னும் ஏறும் என்று காத்திருந்தவர்கள்தான் அடிபட்டார்கள். 2024இல் ஒரு டாலருக்கு 160 யென் வரை போனது. மலிந்த யென்னைப் பார்த்து இப்போது வெளிநாட்டவர்கள் ஜப்பானில் வாள் தேடுகிறார்கள். அன்றைக்கு வந்த வழியிலேயே பொருள் திரும்பப் போகிறது.

இந்த நாணயக் கணக்கை எந்தக் கண்காட்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடக்கும் பெரிய ராணுவப் பொருள் கண்காட்சிக்கு ஐரோப்பிய வியாபாரிகள் வருவது பழைய வழக்கம். 2008 ஜூலையில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 1.60 டாலர் கிடைத்தது. ஆயிரம் டாலர் ஹெல்மெட் அவர்களுக்கு 625 யூரோ. 2022 கோடையில் யூரோ ஒரு டாலருக்கும் கீழே போனது. அதே ஹெல்மெட்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் யூரோ கொடுக்க வேண்டும். பிரிட்டனில் இது தலைகீழாக நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது பற்றிய 2016 ஜூன் வாக்கெடுப்புக்கு மறுநாளே பவுண்டு சுமார் 1.50 டாலரிலிருந்து 1.32 பக்கம் சரிந்தது, 2022 செப்டம்பரில் 1.04க்கும் கீழே கொஞ்ச நேரம் தொட்டது. அப்படிப்பட்ட மாதத்தில் டாலர் வைத்திருப்பவருக்கு பிரிட்டிஷ் மேசைகள் எல்லாமே தள்ளுபடி விலைதான். ஆகவே கண்காட்சிக்குக் கிளம்பும் முன் நாணய மாற்று விகிதத்தை ஒரு முறை பாருங்கள். எந்த நாட்டுக்காரர் இந்தத் தடவை அதிகம் வருவார், எந்தப் பொருளில் போட்டி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நாணயம் போக, சட்டமும் பொருளை வடிகட்டுகிறது. துப்பாக்கியை விமானத்தில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது, ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு விதி. தந்தக் கைப்பிடி உள்ள குறுவாளுக்கும் இதே நிலைதான். அமெரிக்கா 2016இல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது, பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதனால் வெளிநாட்டு வியாபாரியின் பெட்டிக்குள் போவது பெரும்பாலும் பதக்கம், பேட்ஜ், துணிச் சின்னம், தொப்பி போன்றவைதான். எடை குறைவு, விலை அதிகம். ஜெர்மானியச் சேகரிப்பாளர்கள் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு வர இன்னொரு காரணமும் உண்டு. நாஜிக் காலச் சின்னமுள்ள பொருளைத் தனியாக வீட்டில் வைத்திருப்பது அங்கே குற்றமல்ல, ஆனால் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதும் பரப்புவதும் குற்றம், கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 2001இல் ஈபே தளமும் அவ்வகைப் பொருள்களைத் தடை செய்தது. திறந்த சந்தை சுருங்கச் சுருங்க, நேரில் பார்த்து வாங்கும் இடங்களில் கூட்டம் சேர்வது இயல்பு.

விலை எங்கே பாய்கிறதோ அங்கே போலியும் பாயும். வெளிநாட்டவர் போட்டி போடும் பொருள் என்று ஒரு வகைக்குப் பெயர் வந்துவிட்டால், அடுத்த சில ஆண்டுகளில் அந்த வகையில் நல்ல போலிகள் மேசைக்கு வருகின்றன. இரண்டு பக்கமும் சின்னம் ஒட்டிய ஜெர்மானிய ஹெல்மெட்டுகளை இதனால்தான் நான் இப்போது பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கருத்துச் சொல்வதில்லை.

அப்புறம் உங்கள் வகை. முதலாம் உலகப்போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் வெளிநாட்டவர் உண்மையிலேயே தேடி வருகிற ஒன்று உண்டு. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டும், பெரும்பாலும் சீனர், இந்தியர், மால்டாக்காரர் போன்றோரைக் கொண்ட தொழிலாளர் படைகளுக்கு. சீனத் தொழிலாளர் படைக்குக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருக்காது, ஓர் எண்ணும் படையின் சுருக்கப் பெயரும் மட்டும்தான். உலோகத்தில் மலிவான அந்த வெண்கலம் இன்று ஏலங்களில் வெள்ளியைவிட அதிக விலைக்குப் போகிறது. அகழி வெட்டவும் சரக்கு இறக்கவும் பிரான்சுக்குப் போனவர்களை அவர்கள் பிறந்த நாட்டில் இப்போது நினைக்கிறார்கள். அப்படி ஒரு பதக்கம் என் முன்னால் விற்பனையாகி, வாங்கியவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி உள்பைக்குள் வைத்ததைப் பார்த்தபோது, 'நம்மிடமிருந்து போகிறதே' என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணாக மட்டும் இருந்தவர் ஊருக்குத் திரும்புகிறார் என்றுதான் தோன்றியது.

உங்களைப் பாதிக்கிற இழப்பு வேறு இடத்தில் நடந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலர் பக்கம் போனது, ஓராண்டுக்கு முன்பு 6 டாலர் சுமாராக இருந்த பொருள். உலோக மதிப்பு பதக்கத்தின் மதிப்பைத் தாண்டியதும், பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் குவியல் குவியலாக உருக்குக்குப் போயின. நட்சத்திரமும் வெற்றிப் பதக்கமும் வெண்கலம் என்பதால் தப்பின. இன்று இரண்டு இருந்து மூன்றாவது இல்லாத தொகுப்புகள் இவ்வளவு கிடைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பெயர் பொறித்த வெள்ளி அது, ஒவ்வொன்றும் ஒரு மனிதர். உருகியது உருகியதுதான். வெளிநாட்டுக்குப் போன பதக்கமாவது என்றைக்காவது ஓர் ஏலப் பட்டியலில் திரும்பி வரும்.

மனுவைப் பற்றிச் சொல்கிறேன். இப்போதுள்ள வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்கூட்டியே உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் மேசைக்கு வாடகை கட்டிய வியாபாரிகள். அவர்களில் ஒரு பகுதிதான் வெளிநாட்டவர். மேசை போடும் நேரத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்பது இந்தத் தொழிலில் எல்லா நாட்டிலும் உள்ளது. உங்கள் நாட்டு வியாபாரியே அந்த நேரத்தில் ஒரு பொருளை வாங்கி, இரண்டு மேசை தள்ளிக் கூடுதல் விலைக்கு வைத்திருப்பார். கடவுச்சீட்டைப் பார்த்து ஆளை நிறுத்தினால் அது மாறாது. பொதுமக்களுக்குக் கதவு திறக்கும்வரை யாரும் யாருக்கும் விற்கக் கூடாது என்றோ, முன்நுழைவுச் சீட்டு வேண்டும் என்கிற எவருக்கும் கிடைக்க வேண்டும் என்றோ மனுவைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு நானே முதல் கையெழுத்துப் போடுவேன். வெளிநாட்டவர் வராத கண்காட்சிக்கு நல்ல பொருள் கொண்டுவரும் வியாபாரிகளும் வர மாட்டார்கள் என்பதையும் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விற்பதா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. மன எரிச்சலில் விற்காதீர்கள். பணம் தேவை என்றால் அது வேறு, அப்போதும் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் பட்டியலை எடுத்து, வெளிநாட்டவர் தேடுகிற வகை எது என்று குறியுங்கள். அதில் உங்களுக்கு மனம் ஒட்டாததை மட்டும் இந்த விலையில் கொடுக்கலாம். அந்த விலை அவர்களுடைய நாணயம் பலமாக இருக்கும்வரைதான் நிற்கும். 2014இன் இரண்டாம் பாதியில் ரூபிள் சில மாதங்களில் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்தது. ரஷ்யப் பேரரசுக் கால விருதுகளை அதற்கு முந்தைய ஆண்டுகளில் உச்ச விலைக்கு வாங்கி வைத்திருந்த வியாபாரிகள் பலர், நம்பி வாங்கிய அந்த வாடிக்கையாளர்கள் வராமல் திண்டாடினார்கள்.

விற்கும்போது மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பொருளை உங்கள் நாட்டிலிருந்து அனுப்ப ஏற்றுமதி அனுமதி தேவையா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. சில பொருள்களை விற்கவே கூடாது. அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீர விருதான மெடல் ஆஃப் ஆனரை வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றம், ரஷ்யாவில் அரசு விருதுகளை வாங்கி விற்பது தண்டனைக்குரியது. அடுத்தது, சுங்கப் படிவம். "அன்பளிப்பு என்று எழுதிவிடுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று வாங்குபவர் கேட்பார். செய்யாதீர்கள். வழியில் தொலைந்தால் நீங்கள் எழுதிய தொகைதான் திரும்ப வரும், பிடிபட்டால் பொருளும் போய்விடும். அப்புறம், ஒரு வீரரின் பதக்கங்களையும் கடிதங்களையும் படத்தையும் ஒருபோதும் பிரித்து விற்க வேண்டாம். தனித்தனியாக விற்றால் கூடுதல் பணம் என்று ஆசை காட்டுவார்கள். பிரித்த தொகுப்பைத் திரும்பச் சேர்க்க ஒருவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

வாங்குவதை நிறுத்தவும் தேவையில்லை. நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் நாள் காலையில் வெளிநாட்டவரோடு முட்டி மோதுவதைவிட, கடைசி நாள் மதியம் போங்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பியிருப்பார்கள். விற்காத பொருளைத் திரும்பக் கட்டி வண்டியில் ஏற்றுகிற அலுப்பு வியாபாரிக்கு வந்திருக்கும். நான் எனக்காக வாங்கியதில் பிடித்தவை பலவும் அந்த நேரத்தில் கிடைத்தவைதான். சம்பளப் புத்தகம், விடுப்புச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு, ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் செவிலியர்களும் எழுதிய கடிதங்கள், இவற்றுக்கு எல்லை தாண்டி வருகிற போட்டி இன்னும் மிகக் குறைவு. உங்களைப்போல் ஒரு வீரரின் வாழ்க்கையைத் தேடுகிறவருக்கு, பெயர் பொறித்த வெள்ளியைவிட ஒரு விடுப்புச் சீட்டு அதிகம் சொல்லும்.

சரி, அந்தப் பதக்கம். வியாபாரி சொன்ன வெளிநாட்டுக்காரர் வந்திருந்தால், ஒரு மாதம் கழித்து உங்களுக்கு அவர் எழுதியிருக்க மாட்டார். 65 லட்சம் வழங்கப்பட்ட வகையில், தனியாக நிற்கிற ஒரு சாதாரண வெள்ளிப் பதக்கத்துக்காக யாரும் கடல் கடந்து வருவதில்லை. மூன்று மடங்கு விலை உங்களைப் பார்த்துப் போட்டது. மற்ற இரண்டும் என்னிடம் இருக்கின்றன என்று நீங்கள் சொன்ன நொடியில் அந்தப் பதக்கத்தின் விலை மாறிவிட்டது. சந்தோஷத்தில் வாய் திறப்பது இயல்புதான், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இனிமேல், பணம் கைமாறிய பிறகு சொல்லுங்கள்.

விலை பேசுவதற்கு முன் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். முதலில் விட்டத்தை அளந்து பாருங்கள். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய பெயரை அராவித் தேய்த்துவிட்டு வேறு பெயர் பொறித்திருந்தால் அளவு குறையும், விளிம்பும் தட்டையாகத் தெரியும். பிறகு உருப்பெருக்கியில் எழுத்துகளைப் பாருங்கள். உங்களிடம் உள்ள வெற்றிப் பதக்கத்தின் விளிம்பில் அச்சு எப்படி அழுந்தியிருக்கிறதோ அப்படியே இதிலும் இருக்க வேண்டும். 1914-15 நட்சத்திரத்தில் பெயர் பின்பக்கத்தில் இருக்கும், அதில் உள்ள பதவி இதில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்படாதீர்கள். நட்சத்திரத்தில் போர்முனைக்குப் போனபோது இருந்த பதவி, மற்ற இரண்டிலும் பெரும்பாலும் பின்னால் பெற்ற பதவி. பிராந்தியப் படை என்கிற பகுதிநேரத் தொண்டர் படையின் வீரர் என்றால் 1917இல் அவருடைய படை எண்ணும் மாறியிருக்கலாம். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டை கிடைக்கும், அதில் பார்த்து உறுதி செய்யலாம். முதலாம் உலகப்போர் வீரர்களின் பணி ஆவணங்களில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன்மீது நடந்த ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்துபோனது, ஆனால் பதக்கப் பதிவேடுகள் தப்பிவிட்டன.

எல்லாம் ஒத்துவந்தால், வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு சொல்லுங்கள். இரண்டு மடங்கு வரை போகலாம். சந்தைக் கணக்கில் அது அதிகம்தான், இன்னொருவருக்கு விற்றால் அந்தப் பணம் திரும்ப வராது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்த மூன்றும், எந்தக் கையிலோ பிரிந்து, மறுபடி ஒரே பெட்டிக்குள் வருவதை நான் என் தொழிலில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான் பார்த்திருக்கிறேன். வியாபாரிக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். பதிவுத் தபாலில், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் உரிமையோடு கேளுங்கள்.